கரையில் நின்றவர்களின் கணக்கு

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் சாலை என்று சொல்லப்படுவது பல இடங்களில் ஏரிக்கரைதான். ஏரி வெட்டிய முன்னோர் மண்ணைக் குவித்துக் கரை எழுப்பினர். கரையின்மேல் முதலில் மாடுகள் நடந்தன; பின்னர் கட்டை வண்டிகள் போயின; அதற்கும் பின்னர் எவரோ சரளையைக் கொட்டித் தார் ஊற்றினர். ஒருபுறம் நீர், மறுபுறம் ஓர் ஆள் உயரத்துக்கும் கீழே கழனி, நடுவில், எதிரே ஒரு டிராக்டர் வந்தால் ஒதுங்க இடமில்லாத குறுஞ்சாலை. இத்தகைய கரைகளின்மேல்தான் நாம் பதினேழு ஆண்டுகளாகக் கல்லூரிக்குப் போய் வருகிறோம். மழைக்காலத்து மாலைகளில், ஒளி மங்கியபின், தார் எது நீர் எது என்று பிரித்தறிய முடியாத சில நிமிடங்கள் உண்டு. இரண்டும் ஒரே கறுப்பாக மின்னும்.

ஏரிக்கரைக்கும் கதைக்கும் நெடுநாளைய உறவு. நமக்கு அதிகத் தொலைவில்லாத மதுராந்தகத்தில் ஏரி காத்த இராமர் கோயில் இருக்கிறது. 1790களில் இப்பகுதியின் ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ், பெருமழை இரவொன்றில் ஏரி உடைந்துவிடுமோ என்று அஞ்சிக் கரைக்குப் போனாராம். அங்கே வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நிற்கக் கண்டாராம். அந்த நன்றிக்காகவே கோயிலில் தாயார் சந்நிதியைக் கட்டுவித்தார் என்பர். அழகிய கதை. மாணவர்களுக்கு நாமும் பலமுறை சொல்லியிருக்கிறோம். இரவில் கரையில் நடந்ததற்குச் சாட்சி இல்லாதபோது, விடியும் முன்பே ஒரு கதை பிறந்துவிடுகிறது. மதுராந்தகத்தில் பிறந்தது காக்கும் கதை. எல்லாக் கரைகளிலும் அப்படிப்பட்ட கதையே பிறக்கும் என்பதற்கில்லை. நாம் இங்கே எழுத முற்படுவது, நாமே உடனிருந்து வளர்த்த வேறொரு கதையைப் பற்றி.

*

2015ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழையைக் காஞ்சிபுரம் மாவட்டத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். நவம்பரிலும் டிசம்பர் தொடக்கத்திலும் பெய்த மழையில் ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோடி போயின. ஏரி நிரம்பி மிகைநீர் கலங்கல் வழியே வெளியேறுவதை நம் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அந்த நவம்பரின் ஓர் இரவில், உத்திரமேரூருக்குச் சில கல் தொலைவிலுள்ள ஓர் ஏரியில் ஒரு கார் விழுந்தது. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் இங்கே வேண்டாம். காரணம் பின்னால் விளங்கும்.

விழுந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. விடிய விடியப் பெய்த மழை சக்கரத் தடங்களைக் கரைத்துவிட்டது. மூன்றாம் நாள், ஏரியில் வலை வீசியவரின் வலை எதிலோ சிக்கிக்கொண்டது. மரக்கிளை என்று எண்ணி மூழ்கிப் பார்த்தவர் அலறிக்கொண்டு கரையேறினார். தீயணைப்பு வண்டி வந்தது. பின்னர் கிரேன் வந்தது. கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த நாமும் வண்டியை நிறுத்திவிட்டுக் கூட்டத்தோடு நின்றோம். ஏறக்குறைய இருபது நிமிடம் நின்றிருப்போம்.

வெள்ளை நிறச் சிறிய கார். தலைகீழாகத் தொங்கி, சேறும் பாசியும் ஒழுக, வேலிக்காத்தான் முட்களை உரசிக்கொண்டு கரையேறியது. கூட்டம் கண்டவை நான்கு. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி முழுவதும் இறக்கப்பட்டிருந்தது. இருக்கைப் பட்டை அவிழ்ந்து கிடந்தது. காரில் இருந்த ஒரே மனிதர் ஓட்டுநர் இருக்கையில் இல்லை, பின்னிருக்கையில் கிடந்தார். அவர் காலடியில் ஒரு கண்ணாடிப் புட்டி உருண்டது.

இந்த நான்கையும் வைத்துக்கொண்டு, நண்பகலுக்குள் ஊர் ஒரு முழுக்கதையைக் கட்டி முடித்துவிட்டது. புட்டி இருந்ததால் அவர் குடித்திருந்தார். பின்னிருக்கையில் இருந்ததால் போதையில் அங்கே படுத்துவிட்டார். அப்படியானால் காரை ஓட்டியது யார்? இன்னொருவர் இருந்திருக்கவேண்டும். கண்ணாடி இறங்கியிருந்ததால் அந்த இன்னொருவர் அதன் வழியே தப்பிப் போய்விட்டார். அந்த இன்னொருவர் ஒரு பெண் என்று தேநீர்க் கடையில் முடிவாயிற்று. எந்த ஊர்ப் பெண் என்பதுவரை மாலைக்குள் சொல்லிவிட்டார்கள்.

நாம் அதை நம்பினோமா என்று இப்போது கேட்டுக்கொள்கிறோம். நம்பினோம் என்று சொல்வதற்கில்லை. மறுத்தோம் என்றும் சொல்வதற்கில்லை. ஆசிரியர் அறைக்குப் போய், கேட்டவர் வியக்கும்படி சொன்னோம். அது போதும். நாம் தமிழ் படித்தவர்கள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பது தெரியும். ஊரார் சொன்னதைவிட நாம் சொன்னபோது அந்தக் கதை நன்றாக இருந்தது.

*

நம் கல்லூரியில் இளங்கலைத் தமிழுக்குக் கல்வெட்டியல் ஒரு தாள். உத்திரமேரூரில் இருந்துகொண்டு அதைப் புத்தகத்தை மட்டும் வைத்து நடத்துவது பாவம் என்பதால், ஆண்டுதோறும் மாணவர்களை வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் அங்கேதான் உள்ளன. உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்தின் முப்பது குடும்புகளிலிருந்தும் ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையை அவை விரிவாகச் சொல்கின்றன. வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்கவேண்டும். நிலமும் சொந்த மனையும் கல்வியும் இருக்கவேண்டும். பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊரின் சபை அது. கழனியில் உழைத்தவர்க்கோ பெண்களுக்கோ அந்தக் குடத்தில் ஓலை இல்லை. அதையும் சேர்த்தே சொல்லித்தருவோம்.

யார் யார் வாரியத்துக்கு ஆகார் என்ற பட்டியல் அக்கல்வெட்டில் நீளமானது. பெரும்பாதகங்கள் செய்தவர் அதில் வருவர்; அப்பாதகங்களுள் குடியும் ஒன்று. அந்த இடம் வந்ததும் வகுப்பின் சோர்வைப் போக்க நாம் ஒரு வேடிக்கைக் கதை சொல்வதுண்டு. எந்தக் கதை என்று வாசக அன்பர்கள் இந்நேரம் ஊகித்திருப்பார்கள். பின்னிருக்கையில் படுத்துக்கொண்டே கார் ஓட்டி ஏரிக்குள் போன குடிகாரரின் கதை. வகுப்பு சிரிக்கும். எட்டு ஆண்டுகள், எட்டு வகுப்புகள் சிரித்தன.

2024ஆம் ஆண்டில் ஒன்பதாம் முறை சொன்னோம். மறுநாள் பிற்பகல், ஆசிரியர் அறை வாயிலில் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி நின்றாள். கையில் ஒரு பழைய ரெக்சின் பை.

"ஐயா, நேத்து நீங்க சொன்னீங்களே, அந்தக் கார் எங்க அப்பாவோடது."

நம்மால் ஒன்றும் பேச முடியவில்லை. அவள் அழவில்லை; குரலை உயர்த்தவும் இல்லை. பையைத் திறந்து, நான்கைந்து தாள்களை மேசைமேல் வைத்தாள்.

"அப்பா குடிச்சிருக்கலன்னு இதுல எழுதியிருக்கு ஐயா. நீங்க படிச்சுப் பாருங்க."

படித்தோம். இயற்கைக்கு மாறான மரணம் என்று, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அந்நாளைய 174ஆம் பிரிவின்கீழ்ப் பதிந்த வழக்கு. பிரேதப் பரிசோதனை அறிக்கை: நீரில் மூழ்கி மூச்சுத் திணறி இறப்பு. தடய அறிவியல் ஆய்வக அறிக்கை: உடலுறுப்புகளில் மது இல்லை, நஞ்சும் இல்லை. காரில் கிடைத்த பொருள்களின் பட்டியலில் அந்தக் கண்ணாடிப் புட்டியும் இருந்தது. அவர் பயிர் மருந்து நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி. புட்டி, முத்திரை பிரிக்கப்படாத மாதிரி மருந்து. விபத்து என்று முடித்து வழக்கை மூடியிருந்தார்கள்.

"அம்மா இத ஒம்பது வருஷமா பீரோவுல வெச்சிருக்காங்க ஐயா. யாராவது கேட்டா காட்டலாம்னு. இதுவரைக்கும் யாருமே கேக்கல."

கணவர் இறந்தபின் அந்த அம்மாள் செங்கல்பட்டை விட்டுத் தம் பிறந்த ஊர்ப்பக்கமே வந்துவிட்டார். அந்த ஊர் நம் ஏரிக்கு நான்கு கல் தொலைவில். அவரைச் சுற்றிலும் நம் கதை உலவிக்கொண்டிருந்தது.

*

அதன்பின் சில மாதங்கள், நீருக்குள் போன கார்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தோம். பரிகாரம் என்று சொல்லிக்கொள்ள மாட்டோம். தூக்கம் வரவில்லை, அதனால் படித்தோம்.

நீர் எவ்வளவு நன்றாக மறைக்கும் என்பது முதலில் வியப்பளித்தது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஃபாஸ் ஏரி என்று ஒன்று. 2013 செப்டம்பரில் அம்மாநிலக் காவலர்கள் புதிதாக வாங்கிய ஒலியலைக் கருவியைச் சோதிப்பதற்காக அதில் படகு விட்டனர். படகுத் துறைக்கு அருகிலேயே, பன்னிரண்டடி ஆழத்தில், இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஒன்றில் 1970 நவம்பரில் காணாமற்போன மூன்று இளையோர். மற்றொன்றில் 1969 ஏப்ரலில் காணாமற்போன வேறு மூவர். ஆறு பேர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே இடத்தில் கிடந்தனர். அவர்களுக்கு மேலே படகுகள் போய்வந்துகொண்டிருந்தன. புளோரிடாவில் 1997இல் காணாமற்போன ஒருவர், 2019இல் ஒரு குடியிருப்பின் குளத்தில் காருடன் கண்டெடுக்கப்பட்டார். 2007 முதலே விண்ணிலிருந்து எடுத்த வரைபடப் படத்தில் அந்தக் கார் தெரிந்திருக்கிறது. உற்றுப் பார்க்க ஒருவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

ஏழாண்டுகள் ஒருவரைப் பற்றி உற்றார் ஒன்றும் கேள்விப்படாவிட்டால் அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்று நம் நாட்டுச் சாட்சியச் சட்டம் சொல்கிறது. சட்டம் கொள்ளலாம், வீட்டில் இருப்பவர்கள் கொள்வார்களா? 2024 பிப்ரவரி 4 அன்று இமாச்சலப் பிரதேசத்தின் கின்னவுர் பகுதியில், சென்னையின் முன்னாள் மேயர் சைதை துரைசாமியின் மகன் வெற்றி துரைசாமி சென்ற கார் சட்லஜ் ஆற்றில் விழுந்தது. எட்டு நாள் தேடலுக்குப் பின்னரே உடல் கிடைத்தது. மகனைப் பற்றித் தகவல் தருவோர்க்கு ஒரு கோடி ரூபாய் தருவதாகத் தந்தை அறிவித்தார். அந்நாள்களில் நாமும் அச்செய்தியைத் தொடர்ந்து படித்தோம். ஒரு தந்தை அத்தனை பெரிய தொகையை எந்த விடைக்காகத் தர முன்வருகிறார் என்று எண்ணிப் பார்த்தோம். கார் ஏன் கவிழ்ந்தது என்பதற்காக அன்று. பிள்ளை எங்கே என்பதற்காக மட்டும்.

விடை கிடைக்காத இடைவெளியில் என்ன நேரும் என்பதற்குத் தெற்கு டகோட்டாவில் ஒரு நிகழ்ச்சி. 1971 மே மாதத்தில், பள்ளியாண்டு முடிந்த விருந்துக்குக் காரில் புறப்பட்ட பதினேழு வயதுப் பெண்கள் இருவர் திரும்பவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 2004இல், அவர்களோடு படித்த ஒருவருடைய குடும்பத்தின் பண்ணையைக் காவல்துறை தோண்டிப் பார்த்தது. அவர் வேறு கொடிய குற்றங்களுக்காக அப்போதே சிறையில் இருந்தவர். நல்லவர் என்று யாரும் சொல்ல முடியாது. 2007இல் அவர்மேல் இரட்டைக் கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. அவர் சிறையில் ஒப்புக்கொண்டதாக இன்னொரு கைதி கொடுத்த ஒலிப்பதிவு போலியென்று தெரிந்தபின், 2008இல் வழக்கு கைவிடப்பட்டது. 2013இல் வறட்சி வந்து ஓடை வற்றியது. அந்தப் பழைய ஸ்டூடிபேக்கர் கார், தலைகீழாக, அவர்கள் போகவேண்டிய வழியின் பாலத்தருகே வெளிப்பட்டது. கியர் மூன்றாவதில் இருந்தது. விளக்குகள் எரியும் நிலையில் இருந்தன. சாவி முடுக்கியபடியே இருந்தது. விபத்து என்று 2014இல் அறிவித்தார்கள். கொலை என்று ஒன்று நடக்கவே இல்லை. கொலையாளி மட்டும் பல ஆண்டுகள் ஆயத்தமாக இருந்தார்.

நம் ஏரியில், தப்பி ஓடிய அந்த இன்னொருவரை நாம் எப்படி உண்டாக்கினோம் என்பது இதைப் படித்தபோது விளங்கியது.

*

பின்னிருக்கை நம்மை விடவில்லை. ஓட்டி வந்தவர் பின்னிருக்கைக்கு எப்படிப் போனார்? ஊரின் கதை முழுவதும் நின்றது அந்த ஒரு கால்மேல்தான்.

1969 ஜூலை 18 இரவில், மாசசூசெட்ஸைச் சேர்ந்த சாப்பாகுவிடிக் தீவின் மரப்பாலத்திலிருந்து செனட்டர் எட்வர்ட் கென்னடி ஓட்டிய கார் நீரில் விழுந்தது. அவர் தப்பினார், உடன் வந்த இருபத்தெட்டு வயது மேரி ஜோ கோபெக்னி இறந்தார். கென்னடி காவல்துறையிடம் சொன்னது மறுநாள் காலையில்தான். அந்த இரவைப் பற்றிய கேள்விகள் அவருடைய அரசியல் வாழ்வின் இறுதிவரை தொடர்ந்தன. நம் கண்ணில் பட்டது வேறொன்று. காலையில் நீரில் மூழ்கிய ஜான் ஃபாரர் என்ற மீட்பு வீரர் அந்தப் பெண்ணைக் கண்டது காரின் பின்பகுதியில். இருக்கையின் விளிம்பைக் கைகளால் பற்றிக்கொண்டு, முகத்தை மேலே உயர்த்தியபடி இருந்தார் என்றும், காரில் சிக்கியிருந்த காற்றை நாடி அங்கே போயிருக்கவேண்டும் என்றும் ஃபாரர் கூறினார்.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றியவர் கார்டன் கீஸ்பிரெக்ட். ஆள்களை உள்ளே அமர்த்தி, கார்களை உண்மையாகவே நீரில் இறக்கிப் பல ஆண்டுகள் சோதித்தவர். கார் விழுந்ததும் மூழ்குவதில்லை. அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம்வரை மிதக்கிறது. பொறி முன்னால் இருப்பதால் முகம் முதலில் தாழ்கிறது. எஞ்சிய காற்று பின்பகுதிக்கு ஏறுகிறது. வெளிநீரின் அழுத்தத்தால் கதவைத் திறக்க முடியாது. கார் முழுவதும் நிரம்பட்டும், பிறகு திறக்கலாம் என்று காத்திருப்பது உயிரைக் கொடுப்பதற்குச் சமம். தொலைபேசியில் எவரையும் அழைக்க நேரமில்லை. முதல் ஒரு நிமிடத்தில் செய்யவேண்டியவை மூன்றே: இருக்கைப் பட்டையை அவிழ், கண்ணாடியை இறக்கு, இறங்காவிட்டால் பக்கக் கண்ணாடியை உடை, குழந்தைகளை முதலில் வெளியேற்றி நீயும் வெளியேறு. முன்கண்ணாடியோடு மல்லுக்கட்டக் கூடாது. இரண்டு அடுக்குக்கு நடுவே படலம் வைத்த அது எளிதில் உடையாது. 2024 டிசம்பர் 7 விடியற்காலையில் தெலங்கானாவின் பூதான் போச்சம்பள்ளி அருகே ஜலால்பூர் ஏரியில் ஒரு கார் விழுந்து ஐந்து இளைஞர்கள் இறந்தனர். ஆறாமவர் பிழைத்தது கண்ணாடியை உடைத்து வெளியேறியதால்தான்.

பட்டை அவிழ்ந்திருந்தது, கண்ணாடி இறங்கியிருந்தது, ஆள் பின்னிருக்கையில். போதைக்கும் பெண்ணுக்கும் சான்றென்று நாம் எடுத்துக்கொண்ட மூன்றும், பிழைக்க முயன்ற ஒருவர் செய்யக்கூடியவற்றோடு ஒவ்வொன்றாகப் பொருந்தின. ஒரு நிமிடத்தில் செய்யவேண்டிய மூன்றில் இரண்டை அவர் செய்திருந்தார். மூன்றாவது ஏன் கூடவில்லை? இறக்கிய கண்ணாடி வழியே பாய்ந்த நீர் அவரைப் பின்னே தள்ளியிருக்கலாம். இருட்டில் திசை தெரியாமற் போயிருக்கலாம்.

இதை அந்த மாணவியிடம் சொன்னோம். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

"இதுவும் ஒரு கதைதான ஐயா?"

"ஆமாம் அம்மா. இதுவும் கதைதான். மற்ற கதையைவிட இது பொருந்துகிறது. அவ்வளவுதான் நம்மால் சொல்ல முடியும்."

"பரவால்ல ஐயா. அம்மாகிட்ட சொல்றேன்."

*

கேள்விகள் எல்லாம் ஒரே வகையல்ல என்பது பின்னர்தான் புலப்பட்டது.

எந்நாளும் விடை கிடைக்காத கேள்விகள் சில. வந்தவாசியிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகவேண்டியவர், பெருஞ்சாலையை விட்டு அந்தக் கரைக்குள் ஏன் திரும்பினார்? வழி தவறினாரா? எதிரே வந்த வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்ததா? கடைசியில் யாரை நினைத்தார்? இவை அவரோடு போயின. ஆனால் ஊரும் நாமும் விடாமல் கேட்டது இவற்றைத்தான். விடை இல்லாததால் எதை வேண்டுமானாலும் இட்டு நிரப்பலாம் அல்லவா?

விடை இருந்தும் எவரும் கேட்காத கேள்விகள் வேறு சில. அவர் குடித்திருந்தாரா? விடை ஒரு பீரோவில், ரெக்சின் பையில், ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தது.

கேட்கவே தோன்றாத கேள்விகள் மூன்றாம் வகை. அந்தக் கரையின் வளைவில் ஒரு தடுப்புக் கல்கூட ஏன் இல்லை? இரவில் ஒளிரும் ஒரு பட்டையாவது ஏன் ஒட்டப்படவில்லை? நாற்பது ஹெக்டேருக்குக் குறையாத பாசனப் பரப்புடைய ஏரிகள் ஒரு துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. கரைமேல் போகும் சாலை மூன்றாவதாக ஒருவருடையதாக இருக்கலாம். ஏரியும் கரையும் சாலையும் தனித்தனிக் கோப்புகளில் இருக்கும்போது, வளைவு எந்தக் கோப்பிலும் இருப்பதில்லை. 2025 மே மாதத்தில் தூத்துக்குடி மாவட்டம் மீரான்குளத்தில் சாலையோரக் கிணற்றில் ஆம்னி வேன் விழுந்து, கைக்குழந்தை உட்பட ஐவர் இறந்த செய்தி வந்தபோது, நாம் முதலில் எண்ணியது ஓட்டியவரைப் பற்றி அன்று. அந்தக் கிணற்றின் சுவரைப் பற்றி. ஓட்டியவரைப் பற்றிய பேச்சு ஓயும்வரை சுவரைப் பற்றி எவரும் பேசத் தேவையில்லை. கதை கட்டுவதில் அப்படியொரு வசதியும் இருக்கிறது.

நாம் ஆண்டுதோறும் நடத்தும் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஒன்று வருகிறது. ஆறு பேர், பணி ஓராண்டுக்கு. ஏரிக்குப் பொறுப்பு யார் என்று பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூரில் கேட்டால், ஆறு பெயர்களைச் சொல்லியிருப்பார்கள். வாரியத்துக்கு ஆகாதவர் பட்டியலில், பாதகம் செய்தவர்க்கும் முன்னால் வருபவர், வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர். அவர் மட்டுமல்லர், அவருடைய உறவினரும் ஆகார். எத்தனையோ ஆண்டுகளாக இந்த இடத்தை விரைவாகக் கடந்து, குடியைப் பற்றிய வேடிக்கைக்குப் போய்விட்டிருக்கிறோம். கணக்குக் காட்டாதவர் பட்டியலில் நம் பெயரும் இருக்கிறது என்று தோன்றவில்லை.

அடுத்த வாரக் கல்வெட்டியல் வகுப்பில் கணக்கைக் காட்டினோம். நாம் சொன்ன கதை பொய். அந்த மனிதர் குடிக்கவில்லை. அதற்குச் சான்றான தாள்களை நம் கண்ணால் பார்த்தோம். பாராமலே எட்டு ஆண்டுகள் சொல்லி, ஒன்பதாம் ஆண்டும் சொன்னோம் என்றோம். பெயர் வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டிருந்ததால் பெயர் சொல்லவில்லை. இங்கும் சொல்லாதது அதனால்தான். வகுப்பு சிரிக்கவில்லை. முன்பு படித்துப் போன எட்டு வகுப்புகளை இனிக் கூட்டமுடியாது. அவர்களில் சிலர் இன்று பள்ளி ஆசிரியர்கள். அந்தக் கதையை நம்மைவிட நன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

*

2025 கோடையில், ஏரியின் உள்வாய் பெரும்பாலும் வறண்டிருந்த நாளொன்றில், அந்த மாணவி கேட்டுக்கொண்டதன்பேரில் அவளோடு கரைக்குப் போனோம். அவளுடைய மாமாவும் உடன் வந்தார். வளைவில் இப்போது நான்கைந்து கற்கள் நட்டுச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். யார் நட்டது என்று கேட்டோம். ஊராரே நட்டார்களாம், எப்போது என்று ஒருவருக்கும் நினைவில்லை.

அந்த ஏரியின் நீர்க்கட்டி எழுபதைக் கடந்தவர். மதகைத் திறப்பதும் அடைப்பதும் கழனிகளுக்கு முறை வைத்து நீர் பாய்ச்சுவதும் அவர் குடும்பத்தின் வேலை. யார் என்று மாமா சொன்னதும், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"தண்ணிக்கு வாய் கெடையாது சார். நமக்குத்தான் இருக்குது. இன்னான்னாவோ பேசிட்டோம்" என்றார். நம்மைப் பார்த்துத்தான் சொன்னார். எதையும் தெரிந்துகொண்டு சொல்லவில்லை.

அவள் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "தாத்தா, அன்னிக்கு எவ்ளோ தண்ணி இருந்திச்சு?"

அவர் மதகருகே இறங்கிப் போனார். கல்தூணில் பழைய நீர்க்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. விரலால் தடவிப் பார்த்து, மேலிருந்து இரண்டாவது கோட்டில் உள்ளங்கையை வைத்தார். "அந்த வருஷம் இங்க நின்னுது கண்ணு. கார் கெடந்த எடத்துல இதுக்கு ஒரு மொழம் கம்மி."

அவள் தூணின் பக்கத்தில் நின்று பார்த்தாள். கோடு அவள் தலைக்கு மேலே வெகு உயரத்தில் இருந்தது. மாமாவைக் கொண்டு தூணை முழம் போட்டு அளக்கச் சொன்னாள். ஒரு முழம் கழித்து, வந்த எண்ணைக் கைப்பேசியில் எழுதிக்கொண்டாள்.

திரும்பும்போது சொன்னாள்: "அம்மா வேற எதுவுமே கேட்டதில்ல ஐயா. எவ்ளோ ஆழம் இருந்திருக்கும்னுதான் கேட்டுட்டே இருப்பாங்க. நின்னா தல மேல வந்திருக்குமான்னு."

அன்றைக்குக் கரையில் நின்றவர்கள் நூறு பேருக்குக் குறையமாட்டோம். அந்த விடை எங்கள் அத்தனை பேர் கண்முன்னும் இருந்தது.